ஒரு பானைச் சோற்றில் ஒரு கல்

“மூணு மாசத்துக்கு முன்னாடிதானப்பா ரத்தம் குடுத்தேன். எல்லாம் நார்மல்னு சீட்டுல அடிச்சுக் குடுத்தாங்களே. இது மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?”

மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு கைக்கு வந்த அன்று சாயங்காலம் பெரியம்மா இதைக் கேட்டார். டாக்டரிடம் கேட்கவில்லை, பெற்ற மகளிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டார். ரத்தம் எண்ணுகிற மெஷின்களுக்கு சர்வீஸ் செய்வதுதான் என் பிழைப்பு. திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கத்து லேப்களில் இருக்கும் செல் கவுண்டர்களை 19 வருடமாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். அவருடைய சீட்டை அடித்த மெஷினுக்கும் அந்த வருடம் நான்தான் ட்யூப் மாற்றியிருந்தேன்.

“அது வேற டெஸ்ட் பெரியம்மா, இது வேற” என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் அது பதிலும் இல்லை. வலது மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. உடம்பெல்லாம் சுற்றுகிற ரத்தம் அந்தக் கட்டிக்குள்ளும் போய்த்தானே திரும்பியிருக்கும்? வரும்போது ஒரு தடயத்தையாவது எடுத்து வந்திருக்காதா? அவர் கேட்டதில் தவறே இல்லை. அந்தக் கேள்வியோடு நான் அலைந்த ஒரு வருடத்தில் படித்ததையும் கண்ணால் பார்த்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்த மெஷின். சிபிசி என்று எல்லாரும் சொல்கிற ரத்தப் பரிசோதனையின் அடியில் இருப்பது வாலஸ் கோல்டர் என்ற அமெரிக்கரின் யோசனை. சிகாகோவில் வீட்டு நிலவறையில் வேலை செய்தவர். சிகரெட் பாக்கெட்டைச் சுற்றியிருக்கும் செலோஃபேன் தாளில் சின்னதாக ஒரு துளை போட்டுத்தான் முதலில் செய்து பார்த்தார். 1953-இல் காப்புரிமை கிடைத்தது. துளைக்கு இந்தப் பக்கம் ஒரு மின்முனை, அந்தப் பக்கம் ஒரு மின்முனை, நடுவில் உப்புத் தண்ணீர். மின்சாரம் அந்தத் துளை வழியாகத்தான் போயாக வேண்டும். ஒரு செல் துளைக்குள் நுழைந்தால் தன் உடம்பு அளவுக்கு உப்புத் தண்ணீரை விலக்கிவிடும். அந்த ஒரு நொடித்துகளில் மின்தடை ஏறி இறங்கும். திரையில் ஒரு முள் எழும். முள்ளின் எண்ணிக்கை செல்லின் எண்ணிக்கை, முள்ளின் உயரம் செல்லின் பருமன். இவ்வளவுதான். எழுபது வருடம் கழித்தும் இதைவிட எளிமையான ஒன்றை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

“அப்பர்ச்சர் பிளாக்”, அதாவது துளை அடைத்துவிட்டது, என்று மெஷின் கத்தினால் எனக்கு போன் வரும். போய் அந்தத் துளை இருக்கும் பகுதியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். சிவப்புக் கல் ஒன்று, ரூபி. நகைக்கடையில் மூக்குத்திக்கு வைப்பதைவிடச் சின்னது. அதன் நடுவில் மைக்ரானில் நூறைத் தாண்டாத துளை. முடியின் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். விளிம்பில் புரதம் படிந்து மங்கலான வளையமாக ஒட்டியிருக்கும். ஹைப்போ என்கிற ப்ளீச் திரவத்தில் ஊறப்போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் ஒரு தடவு தடவி, திரும்ப மாட்டி, ரத்தத்தை நீர்க்கப் பயன்படும் டைலுவெண்ட்டை மட்டும் வெறுமனே ஓட்டினால் திரையில் பூஜ்யம் வர வேண்டும். அந்தப் பூஜ்யம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வரும். ரத்தமே இல்லாதபோது எண்ணுகிற மெஷினை, ரத்தம் இருக்கும்போது எப்படி நம்புவது?

பெரியம்மாவின் ரத்தம் ஓடியதும் இப்படி ஒரு துளையில்தான். உறிஞ்சியது 20 மைக்ரோலிட்டர் அளவு. ஒரு சொட்டில் பாதிகூடக் கிடையாது. அதையும் பல மடங்கு நீர்த்துத்தான் எண்ணும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, சிபிசி மொத்தமும் அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. நியாயமான நம்பிக்கை. சோறு வெந்ததா என்பது பானை முழுக்க ஒரே மாதிரி இருக்கிற விஷயம். ஹீமோகுளோபின் குறைந்தால் எல்லாச் சொட்டிலும் குறைந்திருக்கும். பிளேட்லெட் விழுந்தால் எல்லாச் சொட்டிலும் விழுந்திருக்கும். ஆனால் அந்தப் பானையில் ஒரே ஒரு கல் கிடக்கிறதா என்று கேட்டால், எடுத்த ஒரு பருக்கை என்ன சொல்லும்?

கல் கிடக்கும் என்பது தெரிந்து ரொம்ப காலமாகிவிட்டது. 1869-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, கட்டியில் இருந்த அதே தோற்றத்தில் செல்கள் ரத்தத்திலும் இருப்பதைக் கண்டு எழுதிவைத்தார். கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் அலைகிற புற்றணுக்கள். சிடிசி என்று துறைக்காரர்கள் சொல்வார்கள். இன்னொரு உறுப்புக்குப் போய் வேர்பிடிக்கிற விதை இவற்றில்தான் இருக்கிறது.

எண்ணிக்கையைப் பார்த்தால்தான் மலைப்பு வரும். ஒரு மில்லி ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 500 கோடி. வெள்ளையணுக்கள் 40 லட்சத்திலிருந்து ஒரு கோடிக்குச் சற்று மேல் வரை. நோய் உடம்பில் பரவிவிட்ட ஒருவரிடமே அதே ஒரு மில்லியில் புற்றணு ஒன்றோ, பத்தோ, பல நேரம் ஒன்றுகூட இல்லாமலோ இருக்கும். 20 மைக்ரோலிட்டரை உறிஞ்சுகிற என் மெஷினுக்குள் அப்படி ஒன்று தற்செயலாக வந்து விழுந்தாலும், அது கொஞ்சம் பெரிய வெள்ளையணு என்று கணக்கில் சேர்ந்து காணாமல் போயிருக்கும். அதற்குப் பருமன்தான் தெரியும், முகம் தெரியாது.

அப்படியானால் அந்த ஒன்றைப் பிரித்தெடுக்க என்ன வழி? பெரியம்மா வீட்டில் அரிசியைச் சுத்தம் செய்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். முறத்தில் புடைத்தால் உமி பறக்கும். கொழித்தால் நொய் ஒருபக்கம் ஒதுங்கும். தண்ணீர் விட்டு அரித்தால் கல் அடியில் தங்கும். எடை, பருமன், அடர்த்தி. செல் பிரிக்கிற கருவிகளும் இந்த மூன்றிலிருந்துதான் தொடங்கின. ஆனால் புற்றணுவும் வெள்ளையணுவும் பருமனில் பல சமயம் உரசிக்கொள்ளும். முறம் மட்டும் போதாது.

ஆகவே தூண்டில் போட்டார்கள். உறுப்புகளின் மேல்தோலிலிருந்து வரும் செல்களின் வெளிப்புறத்தில் எப்கேம் என்ற புரதம் இருக்கும். ரத்த அணுக்களில் அது இருக்காது. எப்கேமைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியை நுண்ணிய இரும்புத் துகள்களில் பூசி ரத்தத்தில் கலந்து காந்தத்தைக் காட்டினால் புற்றணு ஒதுங்கிவிடும். செல்சர்ச் என்ற கருவி இந்த முறையில் வந்தது. 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே வருடம் மார்பகப் புற்றுநோய் பரவிய 177 பெண்களிடம் செய்த ஆய்வு வெளியானது. 7.5 மில்லி ரத்தத்தில் 5 புற்றணுவோ அதற்கு மேலோ இருந்தவர்களின் ஆயுள் குறைவாக இருந்தது. கைவிரலில் எண்ணக்கூடிய செல்கள் ஒருவர் ஆயுளைப் பற்றிப் பேசுகின்றன என்பது அன்றைக்குப் பெரிய செய்தி.

2007-இல் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் மெஹ்மத் டோனரும் டேனியல் ஹேபரும் நடத்திய குழு, சுமார் 78,000 நுண்தூண்கள் கொண்ட ஒரு சிப்பை வெளியிட்டது. அந்தக் கட்டுரையின் முதல் பெயர் சுனிதா நாகரத். ஆயிரங்கால் மண்டபத்துக்குள் கூட்டத்தை விட்டதுபோல ரத்தம் தூண்களுக்கு இடையே மெதுவாக நகரும். தூண்களில் பூசிய ஆன்டிபாடியில் புற்றணு ஒட்டிக்கொள்ளும். 2013-இல் அவர்களே முறையைத் தலைகீழாக்கினார்கள். புற்றணுவைப் பிடிப்பதற்குப் பதிலாக, சிவப்பணுக்களைப் பருமனால் ஒதுக்கி, வெள்ளையணுக்களைக் காந்தத்தால் இழுத்து, மிச்சமாக வருவதைப் பார்ப்பது. தலைகீழாக்கியதற்குக் காரணம் உண்டு. கட்டியை விட்டுக் கழன்று ஊர்விட்டு ஊர் போகிற செல், தன் மேல்தோல் அடையாளத்தைக் கலைத்துக்கொள்வது உண்டு. எப்கேமை உதிர்த்துவிடும். மிகவும் ஆபத்தான செல் தூண்டிலில் சிக்காமல் போகலாம்.

இங்கேதான் என் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கும் வழி வருகிறது. எந்தப் பெயர்ச்சீட்டும் ஒட்டாமல், மின்சாரத்தால் மட்டும் செல்லை அடையாளம் காண்பது.

1925-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஹூகோ ஃப்ரிக் என்பவர் சிவப்பணுக்கள் மிதக்கும் திரவத்தில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி அளந்தார். ஒவ்வொரு செல்லும் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு சின்ன கெப்பாசிட்டர்போல நடந்துகொண்டது. வெளியே உப்புத் தண்ணீர், உள்ளே உப்புத் தண்ணீர், நடுவில் மின்சாரத்தை விடாத ஒரு சவ்வு. அந்த அளவிலிருந்து சவ்வின் தடிமன் 3.3 நானோமீட்டர் என்று கணக்குப் போட்டார். சவ்வைக் கண்ணால் பார்க்கிற எலக்ட்ரான் நுண்ணோக்கி வருவதற்கு முன்பு, வெறும் மின்கணக்கில், கிட்டத்தட்ட சரியான எண். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் என்ற முறையில், என்னை இந்தத் துறைக்குள் இழுத்துப்போட்டது ஃப்ரிக்கின் அந்த ஒற்றை எண்தான்.

கெப்பாசிட்டர் என்றால் அதிர்வெண்ணுக்கு ஏற்ப நடத்தை மாறும். குறைந்த அதிர்வெண்ணில் சவ்வு சுவர்போல நிற்கும், செல் ஒரு பிளாஸ்டிக் மணி மாதிரி தெரியும். அதிர்வெண் ஏற ஏற மின்புலம் சவ்வைத் தாண்டி உள்ளே போகும், அப்போது செல்லின் உள்ளடக்கம் தெரியத் தொடங்கும். இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கும் சில கவுண்டர்கள் நேர்மின்சாரத்தோடு ரேடியோ அதிர்வெண்ணையும் செலுத்தி வெள்ளையணுக்களை வகை பிரிப்பது இந்த அடிப்படையில்தான்.

இதில் இன்னொரு படி உண்டு. மின்புலம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லாமல், ஒரு பக்கம் வலுத்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால், செல் சும்மா நிற்காது, நகரும். ஓர் அதிர்வெண்ணில் வலுத்த பக்கம் இழுபடும், இன்னோர் அதிர்வெண்ணில் மெலிந்த பக்கம் தள்ளப்படும். ஹெர்பர்ட் போல் 1951-இல் இதற்கு டைஎலக்ட்ரோஃபோரசிஸ் என்று பெயர் வைத்தார். 1966-இல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து உயிருள்ள ஈஸ்ட்டையும் செத்த ஈஸ்ட்டையும் இப்படிப் பிரித்துக் காட்டினார்கள்.

படித்தால் போதாது, பார்க்க வேண்டும் என்று இருந்தது. பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கும் நண்பன் ஒருவன் தன் மாணவர்கள் செய்துவைத்திருந்த கண்ணாடிச் சில்லைக் காட்டக் கூப்பிட்டான். இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்து வைத்ததுபோல் அதில் மின்முனைகள். பேக்கரியிலிருந்து வாங்கிய ஈஸ்ட்டில் பாதியைக் கொதிக்கவைத்தோம். மெத்திலீன் நீலம் சேர்த்தோம். செத்தது நீலமாகும், உயிருள்ளது நிறம் ஏற்காது. பிறகு சர்க்கரைத் தண்ணீரில் மூன்று தடவை கழுவினோம், உப்பு இருந்தால் வேலை நடக்காது. ஒரு சொட்டுப் போட்டு, மூடி, நுண்ணோக்கியில் வைத்துவிட்டு நண்பன் அதிர்வெண் ஜெனரேட்டரை ஒரு மெகாஹெர்ட்ஸில் திறந்தான்.

சில நொடிகள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் நிறமில்லாத செல்கள் ஒவ்வொன்றாகச் சீப்புப் பல்லின் விளிம்பை நோக்கி நகர ஆரம்பித்தன. விளிம்பில் போய் ஒட்டிக்கொண்ட செல்லின் வாலில் அடுத்த செல் ஒட்டியது, அதன் வாலில் அடுத்தது. முத்துக் கோத்ததுபோல் சரம் சரமாக இடைவெளியில் நீண்டன. நீலச் செல்கள் அந்தச் சரங்களுக்கு நடுவே எதுவுமே நடக்காததுபோல் மிதந்து போயின. நண்பன் அதிர்வெண்ணை இறக்கிக்கொண்டே வந்தான். ஓர் இடத்தில் சரங்கள் தளர்ந்தன. இன்னும் கொஞ்சம் இறக்கினான். முத்துகள் விளிம்பை விட்டு விலகிப் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் போய் நின்றன. குமிழைத் திரும்ப ஏற்றினால் திரும்பவும் சரம். பத்துத் தடவையாவது ஏற்றி இறக்கச் சொல்லியிருப்பேன். எந்த மருந்தும் இல்லை, எந்தத் தூண்டிலும் இல்லை. ஒரு குமிழைத் திருகினால் உயிருள்ளது வருகிறது, இல்லாதது போகிறது. லேபை விட்டு வெளியே வந்து பைக்கை எடுக்கும்வரை நான் பேசவில்லை.

ஈஸ்ட்டில் நான் பார்த்ததைப் புற்றணுவில் செய்தவர்கள் ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் இருந்த ஃபிரெடரிக் பெக்கரும் பீட்டர் கேஸ்கோயினும் அவர்கள் குழுவும். மார்பகப் புற்றணுக்களை ரத்த அணுக்களிலிருந்து மின்புலத்தால் பிரித்து 1995-இல் வெளியிட்டார்கள். புற்றணுவின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது. சுருக்கமும் மடிப்பும் இழைகளுமாக, கொசுவம் வைத்த சேலைபோல், சின்ன உருண்டைக்குள் நிறைய சவ்வை அடக்கிவைத்திருக்கும். சவ்வு கூடினால் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்சாரத்தைத் தேக்கும் அளவு, கூடும். பருமனும் கூடினால், விலக்கு இழுப்பாக மாறும் அந்த அதிர்வெண் கீழே இறங்கிவிடும். எனவே சரியான சில பத்தாயிரம் ஹெர்ட்ஸில் நிறுத்தினால் புற்றணு மின்முனையிடம் இழுபட்டுக் கீழே வரும், ரத்த அணுக்கள் தள்ளப்பட்டு மேலே ஓடிப்போகும். செல்லின் வெளிப்புறத்தில் எந்தப் புரதம் இருக்கிறது என்று இந்த முறை கேட்பதே இல்லை. எப்கேமை உதிர்த்த செல்லும் தன் மடிப்புகளை உடனே உதிர்த்துவிட முடியாது.

இத்தாலியின் பொலோன்யாவில் இதை ஒற்றைச் செல்வரை கொண்டுபோனார்கள். 2003-இல் வெளியான அவர்களது சிப்பில், விரல் நகத்துக்குள் அடங்கும் இடத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்முனைகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக இயக்கலாம். மின்புலத்தாலேயே சின்னக் கூண்டுகள் கட்டி, ஒவ்வொரு கூண்டிலும் ஒரு செல்லை மிதக்கவைத்து, பல்லாங்குழியில் காய் நகர்த்துவதுபோல் குழி குழியாக நகர்த்தி, வேண்டிய ஒன்றை மட்டும் வாசலுக்குக் கொண்டுவரலாம். டெபாரே என்று இப்போது விற்பனையில் இருக்கும் கருவி இந்த வழியில் வந்ததுதான். எண்ணுவதோடு நிற்காமல் பிரித்தெடுப்பது ஏன் முக்கியம் என்றால், சந்தேகப்படும் ஒரு செல்லை முழுசாகக் கையில் எடுத்தால்தான் அதன் மரபணுவைப் படித்து இது புற்றணுவேதான், இன்ன மாற்றம் உள்ளது என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு பெண்ணிடம் போய் உனக்குப் புற்றுநோய் என்று சொல்வதற்கு, நிறம் ஏறிய ஒரு புள்ளியை மட்டும் நம்ப முடியாது.

இவ்வளவு படித்த பிறகு, பெரியம்மாவுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நல்ல கருவி ஏற்கெனவே இருக்கிறது, நம் ஊர் லேபுக்கு வரவில்லை, அவ்வளவுதான் என்று. அது தவறு.

எம்.டி. ஆண்டர்சனில் நோய் வேறெங்கும் பரவாத, அதுவரை மருந்து எதுவும் ஏறாத 302 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் அறுவைசிகிச்சையின்போது ரத்தம் எடுத்து செல்சர்ச்சில் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வெளியானது. ஒரு புற்றணுவாவது கிடைத்தது 73 பேரிடம், 24 சதவீதம். கட்டி மார்பில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நான்கில் மூன்று பேரின் ட்யூப்பில் ஒன்றுமே இல்லை. இதில் எப்கேமை உதிர்த்துத் தப்பியவையும் இருக்கலாம். ஆனால் கருவியை எவ்வளவு கூராக்கினாலும் ட்யூப்புக்குள் வராத செல்லை அது பிடிக்க முடியாது.

நானே ஒரு தாளில் கணக்குப் போட்டேன். 30 மில்லிக்கு ஒரு புற்றணு என்று வைத்துக்கொள்வோம். உடம்பின் 5 லிட்டர் ரத்தத்தில் 160, 170 செல்கள் சுற்றுகின்றன. குறைந்த எண்ணிக்கை இல்லை. ஆனால் 7.5 மில்லி ட்யூப் ஒன்றில் அவற்றில் ஒன்றாவது மாட்டுவதற்கான வாய்ப்பு 100-க்கு 22. குறையே இல்லாத கருவியாக இருந்தாலும் 78 பேரிடம் “இல்லை” என்றுதான் சொல்லும். அந்த “இல்லை”யைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு பெண் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டால்? மூன்று மாதத்துக்கு முன்னால் பெரியம்மா போனதுபோல்?

ரத்தம் எடுக்கும் நேரம்கூடக் கணக்கில் வருகிறது. ரத்தத்துக்குள் வந்த புற்றணு அதிக நேரம் தங்குவதில்லை. பாதி செல்கள் ஒன்றிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். 2022-இல் சுவிட்சர்லாந்தில் நிக்கோலா அசெட்டோவின் குழு, மார்பகப் புற்றுநோய் உள்ள 30 பெண்களிடம் அதிகாலை 4 மணிக்கும் காலை 10 மணிக்கும் ரத்தம் எடுத்து ஒப்பிட்டது. கிடைத்த புற்றணுக்களில் 78.3 சதவீதம் தூங்கும் நேரத்து ரத்தத்தில் இருந்தவை. நம் லேப்களில் காலை 7 மணிக்கு மேல், வெறும் வயிற்றோடு பஸ் பிடித்து வந்து வரிசையில் நிற்பவர்களிடம்தான் ஊசி போடுகிறோம்.

மின்முறைக்கும் அதற்கே உரிய தொல்லை உண்டு. ரத்தம் உப்பு. உப்பில் மின்புலம் சூட்டைத்தான் கிளப்பும். ஆகவே செல்களைக் கழுவி, உப்புக் குறைந்த சர்க்கரைத் திரவத்துக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு கழுவலிலும், ஒவ்வொரு ட்யூப் மாற்றத்திலும் கொஞ்சம் செல் போகும். லட்சத்தில் ஆயிரம் போனால் கவலையில்லை, இருப்பதே இரண்டு என்றால்? மின்முனையை விட்டு விலக விலக விசையும் சட்டென்று விழுந்துவிடும். அதனால் வாய்க்கால் மெல்லியதாக இருக்க வேண்டும், மெல்லிய வாய்க்காலில் ரத்தம் மெதுவாகத்தான் ஓடும். அடைப்பு எடுப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது கீமோ முடிந்த வாரம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தலைமுடி போயிருந்தது, துண்டு கட்டியிருந்தார். வேண்டாம் என்று அக்கா சொல்லியும் கேட்காமல் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முறத்தையே காட்டிச் சொன்னேன். லேப்பில் எடுத்தது ஒரு பருக்கை பெரியம்மா. அரிசி வெந்ததா என்று பார்க்கத்தான் அது உதவும். நீங்க கேட்டது மூட்டையில் கல் இருக்கா என்று. பெரிய ஊர்களில் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்க்கிறார்கள். கைப்பிடியில் கல் வராவிட்டால் மூட்டையிலும் இல்லை என்று சொல்ல முடியாது.

கொஞ்ச நேரம் அரிசியையே பார்த்தார். “அப்ப மூட்டையவே அரிக்கணும்னு சொல்லு” என்றார்.

இந்தத் துறையில் பல வருடம் உழைத்தவர்கள் வந்து சேர்ந்த இடமும் அதுதான். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் குழு 2013-இல் லியூக்கஃபெரசிஸ் முறையை எடுத்துக்கொண்டது. ஒரு கையிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, சுழற்றி, வெள்ளையணு இருக்கும் அடுக்கை மட்டும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத் திரும்ப உடம்புக்கே அனுப்புகிற முறை. லிட்டர் கணக்கில் ரத்தம் கடந்து போகும். நோய் பரவாத நிலையில் இருந்தவர்களிடமும் இப்படிப் புற்றணுக்களை நம்பகமாகக் காண முடிந்தது. பாஸ்டன் குழுவும் இப்படி ஒதுக்கிய அடுக்கையே சிப்பில் ஓட்டும் அளவுக்குக் கருவியின் வேகத்தைக் கூட்டியிருக்கிறது.

இன்னொரு வழியைச் செய்து பார்த்தவர் ஸ்டான்ஃபோர்டில் இருந்த சஞ்சீவ் சாம் கம்பீர். அம்பாலாவில் பிறந்து, சின்ன வயதில் அமெரிக்கா போனவர். நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதற்கென்றே அங்கே ஒரு மையத்தை நடத்தியவர். அவர் குழு 2018-இல் ஒரு காந்தக் கம்பியை வெளியிட்டது. காந்தத் துகள் ஒட்டிய செல்களை, ரத்தத்தை வெளியே எடுக்காமல், ரத்தக்குழாய்க்குள் நுழைத்த மெல்லிய கம்பியே பிடித்துக்கொள்ளும். கம்பியைத் தாண்டி ஓடுகிற ரத்தம் முழுவதும் பரிசோதனைக்கு உள்ளாகிறது. பன்றிகளில் செய்தபோது, 5 மில்லி ரத்த மாதிரியில் கிடைப்பதைப்போல் 10 முதல் 80 மடங்கு செல்கள் கிடைத்தன. இந்த வேலையில் இருந்த காலத்தில்தான், 2015-இல், அவருடைய ஒரே மகன் 16 வயதில் மூளைப் புற்றுநோயால் இறந்தான். 2020 ஜூலையில் 57 வயதில் அவரும் புற்றுநோயால் இறந்தார். அந்தக் கட்டுரையைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் முதல் பக்கத்தைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

லியூக்கஃபெரசிஸுக்கு மணிக்கணக்கில் இரண்டு கையிலும் ஊசியோடு படுத்திருக்க வேண்டும். நோய் இருக்கிறதா என்றே தெரியாத, நல்ல உடம்போடு இருக்கும் லட்சம் பெண்களை அப்படிப் படுக்கவைக்க முடியாது. கம்பிக்கும் அதே கதைதான். முதலில் யாரிடம் பார்ப்பது என்பது தெரிந்தால் இந்தக் கருவிகளுக்குப் பெரிய வேலை இருக்கிறது: குடும்பத்தில் வழிவழியாக நோய் உள்ளவர்கள், ஒருமுறை வந்து குணமானவர்கள். என் எண்ணத்தில் அவை முதலில் வந்து நிற்க வேண்டிய வாசல் அதுதான். முகாம் போட்டு ஊரையே கூப்பிட்டு ஒரு ட்யூப் ரத்தத்தில் புற்றணு தேடித் தருவதாக யாராவது சொன்னால், எவ்வளவு ரத்தம் எடுப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

எண்ணிக்கை தெரிந்தாலும் உடனே நன்மை விளைந்துவிடும் என்றும் இல்லை. பரவிய மார்பகப் புற்றுநோயில், முதல் கீமோவுக்கு மூன்று வாரம் கழித்தும் புற்றணு குறையாதவர்களுக்கு மருந்தை முன்கூட்டியே மாற்றிப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு 2014-இல் வந்தது. மாற்றியவர்களும் மாற்றாதவர்களும் வாழ்ந்த காலத்தில் பயன் தரும் வித்தியாசம் இல்லை. தெரிந்துகொள்வது ஒன்று, தெரிந்ததை வைத்துச் செய்ய ஏதாவது இருப்பது இன்னொன்று.

செய்ய இருக்கும் ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி 20 வருடம், ஒன்றரை லட்சம் பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. மெஷின் எதுவும் இல்லை. அவர்களில் பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மார்பைப் பரிசோதித்தார்கள். 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் 30 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. பெரியம்மாவுக்கு 61. அந்தக் கட்டியை அவர் கை தொட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது. குளிக்கும்போது பட்டதாம். வலிக்கவில்லையாம். பேரன் காதுகுத்து முடியட்டும் என்று இருந்துவிட்டாராம். ரத்தத்தில் எதுவும் வராததால் ஒன்றுமில்லை என்று தைரியம் வேறு. “நார்மல்” என்று நாங்கள் அச்சடித்துக் கொடுத்த அந்தச் சொல், கேட்காத கேள்விக்கும் பதிலாகப் போய்விட்டது.

ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் சிபிசி பார்ப்பார்கள். மருந்து, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையும் அடிக்கும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகை 1,500-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் தள்ளிவைத்துவிடுவார்கள். இரண்டாவது தடவை பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஒரு வாரம் தள்ளிப்போனது, அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காவது தடவைக்கு முந்தின நாள் சாயங்காலம், கூப்பிடாமலே அந்த லேப்புக்குப் போனேன். ரூபியைக் கழற்றி ஊறப்போட்டு எடுத்தேன். பூஜ்யம் வரும்வரை ஓட்டினேன். அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவங்கள், கண்ட்ரோல் என்போம், மூன்றையும் போட்டேன். மூன்றும் எல்லைக்குள் நின்றன.

மறுநாள் காலை ஊதா மூடி ட்யூப் உள்ளே வந்தபோது நானும் மெஷின் பக்கத்தில்தான் நின்றேன். டெக்னீஷியன் பொண்ணு ட்யூப்பைப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி ஊசிக்கடியில் காட்டினாள். உறிஞ்சுகிற சத்தம். ஒரு நிமிடம். கதவுக்கு வெளியே பெஞ்சில் பெரியம்மா ஒயர்க் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னப்பா சொல்லுது உன் மெஷினு?”

“1,840 பெரியம்மா. இன்னிக்கு ஏத்திக்கலாம்.”

கூடையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்து எழுந்து, மாடிப்படி பக்கம் நடந்தார்.